பழைய புல்லட் மக்கர் செய்கிறதா? எஞ்சினைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டு புல்லட் ஒரு கோடையில் புது வியாதி ஒன்றைப் பிடித்துக்கொண்டது. காலையில் இரண்டாவது கிக்கில் ஸ்டார்ட் ஆகும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நன்றாக ஓடும். அப்புறம் மிஸ்ஸிங், சைலன்சரில் இரண்டு வெடி, நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். காட்டிய இடத்தில், "சூட்டுல இறுகுது சார், போர் போயிடுச்சு" என்றார்கள். எஞ்சினைப் பிரித்து, லேத்தில் போர் போட்டு (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து), ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங் எல்லாம் மாட்டினோம். முதல் நாள் ஓட்டினேன். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அதே இடத்தில், அதே மாதிரி நின்றது.

கடைசியில் அதைத் தீர்த்தது சுண்டுவிரல் அளவுள்ள ஒரு கண்டென்சர், பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கரண்ட் பாகம். போர் போட்ட செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வண்டியிலேயே இருக்கும் கருவிகளிடம் முதலில் கேட்பது, ஸ்பானரை அதற்குப் பிறகு எடுப்பது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

நான் பேசுவது இரும்பு எஞ்சின் 350 புல்லட்டைப் பற்றி. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாரான வண்டி. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., நான்கு கியர் ஆல்பியன் கியர்பாக்ஸ், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பேட்டரி, காயிலோடு பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்த வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கரண்ட் பகுதி பெரும்பாலும் பொருந்தும். யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வால்வு, டேப்பட் சமாசாரம் கிடையாது. அந்தப் பகுதிகளைத் தாண்டிவிடுங்கள்.

கை வைக்கும் முன் நான்கு கேள்விகள்

கோளாறு திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா? ஸ்விட்சை அணைத்தது போல நின்றால் பெரும்பாலும் கரண்ட். இழுத்து இழுத்து, இருமி இருமி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். மாதக் கணக்கில் இழுவை குறைந்துகொண்டே வந்தால் தேய்மானம்.

குளிரில் வருகிறதா, சூட்டில் வருகிறதா? எந்த வேகத்தில், எந்த அளவு ஆக்சிலரேட்டரில்? நான்காவது கேள்விதான் முக்கியம்: கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்? டேங்கைக் கழுவிய மறுவாரம் வண்டி நின்றால் கார்புரேட்டரில் துரு. பாயிண்ட் மாற்றிய அன்றே நின்றால் பாயிண்ட். வாட்டர் சர்வீஸுக்குக் கொடுத்து எடுத்த மறுநாள் நின்றால் எங்கோ தண்ணீர். பழைய வண்டியில் பாதிக் கோளாறுகள் நாம் கை வைத்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

தேவையான சாமான்கள் அதிகம் இல்லை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு வயர் இழுத்த ஒரு சின்ன பல்ப் (வண்டி 6 வோல்டா 12 வோல்டா என்று பார்த்து வாங்குங்கள்), நிச்சயமாக வேலை செய்யும் ஒரு பிளக், நீளமான ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், ஒரு தாள் மெல்லிய டிஷ்யூ காகிதம்.

முதல் படி: அம்மீட்டரைப் பாருங்கள்

ஹெட்லைட் மேல் இருக்கும் அம்மீட்டரை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஸ்டெதஸ்கோப்.

லைட்டை அணைத்துவிட்டு, சாவியைப் போடுங்கள். டிகம்ப்ரசர் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வைத் திறப்பது) பிடித்துக்கொண்டு, கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். முள் மைனஸ் பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும், மறுபடி சாயும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்கு (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட் கரண்டை உண்டாக்குவது) கரண்ட் போகிறது, முள் சாய்கிறது. பாயிண்ட் திறந்ததும் கரண்ட் நிற்கிறது, முள் நடுவுக்கு வருகிறது. இந்த ஆட்டம் சரியாக இருந்தால் பேட்டரி, ஃப்யூஸ், சாவி ஸ்விட்ச், காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் ஆகிய ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

முள் அசையவே இல்லை, நடுவிலேயே நிற்கிறது என்றால் கரண்ட் எங்கோ அறுந்திருக்கிறது. ஹாரன் அடித்துப் பாருங்கள். ஹாரனும் செத்திருந்தால் பேட்டரி டெர்மினல், ஃப்யூஸ், எர்த் வயர் என்று போங்கள். ஹாரன் நன்றாக அடித்தால், பல்ப்பின் ஒரு வயரைக் காயிலில் சாவிப் பக்கத்து டெர்மினலிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வையுங்கள். எரியவில்லையா, சாவி ஸ்விட்சோ அங்கிருந்து வரும் வயரோதான். எரிகிறதா, குறை காயிலிலோ பாயிண்டிலோ இருக்கிறது. பெரும்பாலும் பாயிண்ட் முகத்தில் எண்ணெய் படிந்திருக்கும், அல்லது தீய்ந்து கறுத்திருக்கும்.

முள் சாய்ந்தபடியே நிற்கிறது, நடுவுக்கு வரவே மாட்டேன் என்கிறதா? பாயிண்ட் மூடியைக் கழற்றி, இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டைச் செருகுங்கள். இப்போது முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறக்காததுதான் குறை, இடைவெளி வைத்தால் தீர்ந்தது. காகிதம் வைத்தும் முள் சாய்ந்தே இருந்தால் கரண்ட் வேறு வழியாக எர்த் ஆகிறது. கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது பாயிண்ட் வயர் மாட்டும் திருகில் வரும் ஃபைபர் வாஷரை யாரோ மாற்றிப் போட்டிருக்கலாம். இந்த வாஷர் வரிசையில் தவறு செய்யாத மெக்கானிக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

இரண்டாவது படி: ஸ்பார்க்

பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய உடனே துடைத்துவிடாதீர்கள், அதன் முகத்தைப் படிக்க வேண்டும். இளம் பழுப்பு என்றால் எல்லாம் சரி. காய்ந்த கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீ வைக்க ஆள் இல்லை என்று அர்த்தம். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் எண்ணெய் மேலே ஏறுகிறது. வெளிறிய வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, காற்று கூடுதலாகப் போகிறது.

இப்போது நல்ல பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் ஹெட்டைத் தொடும்படி வையுங்கள். பிளக் ஓட்டைக்கு அருகில் வைக்க வேண்டாம், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். ஓட்டையில் ஒரு துணியை அடைத்துக்கொள்வது நல்லது. கிக் செய்யுங்கள். "டிக் டிக்" என்று சத்தத்தோடு தடித்த நீல ஸ்பார்க் வர வேண்டும். மெலிந்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ வந்தால் அதை நம்பாதீர்கள். வெளிக்காற்றில் எரியும் மெலிந்த ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது அணைந்துவிடும்.

ஸ்பார்க் மெலிந்திருந்தால் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு வயரின் நுனியை ஹெட்டிலிருந்து நான்கைந்து மி.மீ. தள்ளிப் பிடித்துப் பாருங்கள். வெறும் கையால் பிடிக்காதீர்கள், அந்த அடி வாங்கியவர் மறக்க மாட்டார். இப்போது நல்ல ஸ்பார்க் வந்தால் கேப் போய்விட்டது.

மூன்றாவது படி: பாயிண்ட், கண்டென்சர், டைமிங்

நம் ஊர் மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று சொல்வது இந்த பாயிண்டைத்தான். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். முகம் மேடும் பள்ளமுமாக இருந்தால் மெல்லிய எமரி தாளில் இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பு. எமரித் தூள் அங்கேயே இருந்தால் வேலை இன்னும் கெடும்.

கண்டென்சரைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. எனக்கு அதைக் காட்டியது ஒரு டீக்கடை ஓரத்தில் பட்டறை வைத்திருந்த பெரியவர். சாயங்காலம் இருட்டும் வரை காத்திருக்கச் சொன்னார். பாயிண்ட் மூடியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, "உள்ள பாருங்க தம்பி" என்றார். பாயிண்டுக்கு நடுவில் வெல்டிங் வைத்தது போல வெள்ளையும் நீலமுமாகப் பொறி பறந்துகொண்டிருந்தது. கண்டென்சர் நல்ல நிலையில் இருந்தால் அங்கே ஊசி முனை அளவு பொறிகூட எப்போதாவதுதான் தெரியும். சூடானதும் பொறி இன்னும் பெரிதாகி, எஞ்சின் நின்றது. வேறு கண்டென்சர் மாட்டினார், பொறி அடங்கியது. இருபது நிமிட வேலை. என்னிடம் போர் போட்ட பில் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆகவே, சூட்டில் நின்று ஆறியதும் ஓடும் வண்டிக்கு முதல் சந்தேகம் கண்டென்சர். இரண்டாவது காயில், அதையும் சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். மூன்றாவது பெட்ரோல் டேங்க் மூடி, அதற்குப் பிறகு வருகிறேன். போர், பிஸ்டன் எல்லாம் பட்டியலின் கடைசி.

டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், பார்க்க: பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும், அட்வான்ஸ் யூனிட் (வேகம் ஏறும்போது ஸ்பார்க்கை முன்னே தள்ளுவது) முழுதாகச் சுருங்கிய நிலையில். டிஷ்யூ காகிதத்தைப் பாயிண்ட் நடுவில் வைத்து லேசாக இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றினால், காகிதம் நழுவும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். பல்ப்பும் உதவும். காயிலில் பாயிண்ட் பக்கத்து டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டினால், பாயிண்ட் திறந்ததும் எரியும்.

கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறதா? டைமிங் அதிகமாக முன்னே இருக்கிறது, அல்லது அட்வான்ஸ் யூனிட் ஸ்பிரிங் தளர்ந்து விரிந்தபடியே நிற்கிறது. முட்டியைக் காப்பாற்றிக்கொள்ள இதை முதலில் சரி செய்யுங்கள். வண்டி மந்தமாக ஓடி, சைலன்சர் பைப் ஹெட் அருகே அளவுக்கு மீறிச் சூடாகி நீலம் பாய்ந்தால் டைமிங் பின்னே போயிருக்கிறது.

நான்காவது படி: பெட்ரோல்

ஸ்பார்க் நன்றாக இருந்து, பலமுறை கிக் செய்தும் பிளக் காய்ந்தே வந்தால் பெட்ரோல் பக்கம் வாருங்கள்.

கார்புரேட்டரிலிருந்து டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். ஒரே சீராக ஓட வேண்டும். முதலில் ஓடி, அப்புறம் நூலாகி, சொட்டாகிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, ஓட்டம் மறுபடி வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. இதுவும் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தும், கொஞ்ச நேரம் கழித்து ஓடவிடும். கண்டென்சர் கோளாறுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்து கிக் செய்யுங்கள். உடனே ஓடினால் மூடி.

அடுத்தது கார்புரேட்டர். பிந்தைய இரும்பு எஞ்சின் வண்டிகளில் மிக்கார்ப் வி.எம். 24 இருக்கும். எந்த ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) அடைத்திருக்கிறது என்று ஆக்சிலரேட்டரே சொல்லும். சோக் போட்டால் மட்டும் ஓடி, ஐடிலில் நிற்காமல் அணைந்தால் பைலட் ஜெட். ஐடில் நன்றாக இருந்து, முழு ஆக்சிலரேட்டரில் மூச்சுத் திணறினால் மெயின் ஜெட், அல்லது டேங்கிலிருந்து வரத்து குறைவு. நடுவில் மட்டும் தகராறு என்றால் ஸ்லைடில் இருக்கும் ஊசியும் அது இறங்கும் குழாயும் தேய்ந்திருக்கும். ஜெட்டில் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். டூத் பிரஷ்ஷின் ஒரு நைலான் முடி போதும், ஊதினால் இன்னும் நல்லது.

ஐடில் தானாக ஏறி இறங்குகிறது, சோக் போட்டால் சரியாகிறது என்றால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஓடும்போது அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். ஐடில் மாறினால் இடம் கிடைத்துவிட்டது.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூப், ஃப்ளோட் பகுதியில் உள்ள ரப்பர் வளையம் ஆகியவை இதில் ஊறி உப்பும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் நிற்கும் வண்டி என்றால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருளும்.

ஐந்தாவது படி: கம்ப்ரஷன்

இதற்கும் மீட்டர் வேண்டாம், உங்கள் உடல் எடை போதும். சாவியை எடுத்துவிடுங்கள். கிக்கரை அழுத்தி, எஞ்சின் எதிர்க்கும் இடத்தில் அதன் மேல் ஏறி நில்லுங்கள். நல்ல எஞ்சின் உங்களைச் சில விநாடிகள் தாங்கிப் பிடித்து, பிறகு மெதுவாக இறக்கும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை.

உடனே ஹெட்டைக் கழற்றக் கிளம்பாதீர்கள். முதலில் டிகம்ப்ரசர் கேபிள். அதில் கொஞ்சமாவது தளர்வு இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் அந்தச் சின்ன வால்வு எப்போதும் லேசாகத் திறந்தே இருக்கும்.

அடுத்து டேப்பட். எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, காலையில் பாருங்கள். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, எஞ்சினின் வலது பக்கம் இருக்கும் டேப்பட் மூடியைத் திறந்தால் வால்வுகளைத் திறக்க உதவும் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதி தெரியும். இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த வண்டியில் அதுதான் அளவு. சுழலவில்லை என்றால் வால்வு முழுதாக மூடவில்லை, கம்ப்ரஷன் அதன் வழியாகப் போகிறது. "சத்தம் வருது" என்று டேப்பட்டை இறுக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. சத்தம் நிற்கும், கொஞ்ச நாளில் எக்சாஸ்ட் வால்வு தீய்ந்துவிடும். கொஞ்சம் சத்தம் போடும் டேப்பட் தப்பில்லை.

இரண்டும் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் இல்லையென்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் கிக்கரை அழுத்தட்டும், நீங்கள் கேளுங்கள். கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு, அல்லது மறுபடி டிகம்ப்ரசர். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். சந்தேகம் தீர, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, நாலு முறை சுற்றி, மறுபடி ஏறி நில்லுங்கள். இப்போது தாங்கினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. மாற்றமே இல்லையென்றால் வால்வு.

எண்ணெயும் புகையும்

புல்லட்டில் எண்ணெய் இருக்கும் அறை, கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே கிராங்குக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பம்புகள்: ஒன்று அனுப்புவது, இன்னொன்று திருப்பிக் கொண்டுவருவது. வண்டி பத்து நாள் நின்றால் எண்ணெய் பம்ப் வழியாக மெதுவாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது ஆயில் குச்சியை விட்டுப் பார்த்தால் எண்ணெய் குறைந்தது போலக் காட்டும். "அடடா, ஆயிலே இல்லையே" என்று அரை லிட்டர் ஊற்றினால் முடிந்தது கதை. ஸ்டார்ட் ஆனதும் தெருவே மறையும் அளவுக்குப் புகை, கண்ட இடத்தில் ஒழுகல். ஆகவே, ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு அளவு பாருங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால், கிராங்க் பக்கத்து ட்ரெய்ன் நட்டைக் கழற்றித் தேங்கியதை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்வது நல்லது.

எண்ணெய் மேலே போகிறதா என்று பார்க்க: ஐடிலில் ஓடும்போது ஹெட்டுக்கு வரும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். சில விநாடிகளில் எண்ணெய் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் எஞ்சினை அந்த நிமிடமே அணையுங்கள். இந்த எஞ்சினில் கனெக்டிங் ராடின் அடியில் இருப்பது ரோலர் பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். எண்ணெய் இல்லாமல் ஓடினால் முதலில் போவது அதுதான்.

புகையின் நிறம் எல்லோருக்கும் தெரியும்: கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் எண்ணெய். எப்போது வருகிறது என்பதுதான் விஷயம். ஸ்டார்ட் செய்ததும் வந்து, இரண்டு நிமிடத்தில் அடங்கினால் மேலே சொன்ன தேங்கிய எண்ணெய். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது குப்பென்று வந்தால் வால்வு கைடு. மேட்டில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங். குளிர்காலக் காலையில் வரும் மெல்லிய வெள்ளைப் புகை வெறும் நீராவி.

எல்லா ஜாயிண்டிலும் ஒரே சமயத்தில் எண்ணெய் ஒழுகத் தொடங்கினால் ஒவ்வொரு பேக்கிங்காக மாற்றாதீர்கள். கிராங்க் கேஸின் மூச்சுக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

சத்தங்கள்

நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்துங்கள். ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். உள்ளே நடப்பது பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்கும்.

குளிரில் "டக டக" என்று அடித்து, சூடானதும் அடங்கும் சத்தம் பிஸ்டன் ஸ்லாப். போர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், பயப்பட வேண்டாம். சீரான, மெல்லிய "டிக் டிக்" டேப்பட். அடி எஞ்சினிலிருந்து, கனமாக, கதவை முட்டியால் தட்டுவது போல வந்து, மேட்டில் இழுக்கும்போது இன்னும் கூடினால் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் அந்த புஷ். இதைக் கேட்டால் ஓட்டுவதை நிறுத்தி வண்டியை ஏற்றிக்கொண்டு வாருங்கள். வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தவர்கள் ராடு உடைந்து கிராங்க் கேஸில் ஓட்டை விழுந்த பிறகு வருந்தினார்கள். இழுக்கும்போது ஓசை, ஆக்சிலரேட்டரை விட்டதும் ஓசை இல்லை, சின்னச் சின்ன மணி அடிப்பது போல இருந்தால் டைமிங் முன்னே போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் கரி ஏறியிருக்கிறது.

இடது பக்கத்துப் பெரிய மூடிக்குள்ளிருந்து ஐடிலில் சலசலப்பு வந்தால் பிரைமரி செயின் தளர்ந்திருக்கும். இதை எஞ்சின் சத்தம் என்று எண்ணிப் பிரித்தவர்களும் உண்டு. மூடியில் உள்ள சின்ன அடைப்பைத் திறந்து விரலால் செயினைத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் 6 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். எஞ்சினைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்து அளவு வையுங்கள்.

கிளட்ச், கியர்

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கேபிளில் இரண்டு மூன்று மி.மீ. தளர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த அறையில் என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறது என்று கேளுங்கள். உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த நவீன கார் ஆயில் இந்தக் கிளட்சுக்கு ஆகாது. மாறாக, முதல் கியர் போடும்போது "டணார்" என்று குதித்தால் பிளேட்கள் ஒட்டியிருக்கின்றன. காலையில் சாவி போடும் முன் கிளட்சைப் பிடித்தபடி நாலு கிக் அடித்தால் விடுபடும்.

நியூட்ரல் ஃபைண்டர் (ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் தனி லீவர்) வேலை செய்யவில்லை என்று புகார் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, முதல் கியரில் நின்றுகொண்டு மிதிக்கிறீர்களா என்று. இரண்டு, மூன்று, நான்கிலிருந்துதான் அது நியூட்ரலுக்குக் கொண்டுபோகும். முதல் கியரிலிருந்து போகாது.

எப்போது நிறுத்த வேண்டும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். பிளக், பாயிண்ட், கண்டென்சர், ஜெட் என்று ஒரே நாளில் நாலையும் மாற்றினால், வண்டி ஓடினாலும் எது குறை என்று தெரியாது. ஓடாவிட்டால் இன்னும் மோசம், புதிதாக மாட்டியதில் எது கெட்டது என்று தேட வேண்டும்.

வால்வு கைடு, போர், பிக் எண்ட் மூன்றும் லேத் இல்லாமல் ஆகாது. அங்கே கொண்டுபோகும்போது "எஞ்சின் வேலை பாருங்க" என்று விட்டுவிட்டு வராதீர்கள். "கம்ப்ரஷன் இல்லை, ஆயில் விட்டால் வருகிறது, டேப்பட் சரி" என்று சொல்லிக் கொடுங்கள். பேசும் விதமும் பில்லும் இரண்டும் மாறும்.

டூல் பாக்ஸில் ஒரு பிளக், கிளட்ச் கேபிள், பாயிண்ட் செட், ஃப்யூஸ், ஒரு முழம் வயர் வைத்துக்கொள்ளுங்கள். கண்டென்சர் மட்டும் புதிதாக, உறை பிரிக்காமல் வைக்காதீர்கள். கடையிலிருந்து வந்ததிலேயே செத்துப்போனது உண்டு. வாங்கியதும் வண்டியில் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள், கழற்றி, துணியில் சுற்றி உள்ளே வையுங்கள்.